தண்ணீர்ச் சத்தம் கேட்கும் இடம்

ரிமோட்டின் பின்மூடி இன்று காலை கழன்று விழுந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளை பிளாஸ்திரி ஞாபகமிருக்கிறதா? ஊசி குத்திய கையில் நர்சுகள் ஒட்டுகிற மெல்லிய பட்டை. உன் டூட்டிப் பையில் எப்போதும் ஒரு சுருள் கிடக்கும். புது ரிமோட் வாங்கலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "இதுக்கு என்ன கொறச்சல், கட்டுப் போட்டு விட்டிருக்கேன்லா, இன்னும் பத்து வருசம் ஓடும்" என்பாய். உரிந்து வந்த பட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். நீ போய் ரெண்டு குளிர்காலம் ஆகப்போகிறது, அதில் என்ன வாசனை மிச்சமிருக்கப் போகிறது. ஆனாலும் உன் டூட்டிப் பையைத் திறந்தால் வரும் வாசனை வந்தது. வந்ததாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ, அழுகை மட்டும் நிஜமாகவே வந்தது.

பிளாஸ்திரி தானாக உரியவில்லை. போன வாரம் உன் மகள் படம் பார்த்துக்கொண்டே அதை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தாள். எந்தப் படம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஷைனி ஆனைப் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

நம் வீட்டில் எந்தப் படமும் கடைசிவரை ஓடியதில்லை. வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காணாமல்போன மகன் ரயிலைவிட்டு இறங்குவான், அம்மா ஓடிவருவாள், அந்த இடத்தில் நீ ரிமோட்டை எடுத்துவிடுவாய். "போதும், நல்லாத்தான இருக்கு." இன்னும் அரைமணி நேரப் படம் பாக்கி இருக்கும். வில்லன் உயிரோடு இருப்பான். "அவன் என்ன ஆனான்னு பாக்க வேண்டாமா?" என்று நான் குதிப்பேன். "அவனும் எங்கயாவது நல்லா இருந்துட்டுப் போட்டும்" என்று சொல்லிவிட்டுச் சோறு வைக்கப் போய்விடுவாய்.

நான் நேர் எதிர். என்னை விட்டால், கடைசியில் ஓடுகிற பெயர்களைக்கூட ஒன்றுவிடாமல் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ஒரு குமாஸ்தாவுக்கு மகனாகப் பிறந்து, அதே மாதிரி ஒரு குமாஸ்தாவாகவும் ஆனவன். ஆரம்பித்த ஃபைலை முடித்துக் கட்டிவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பாளையங்கோட்டையிலிருந்து நர்ஸ் வேலைக்கு டெல்லி வந்த உன்னை எனக்குக் கட்டிவைத்தவர்கள் பொருத்தமெல்லாம் பார்த்தார்கள், இதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஒருமுறை காரணம் கேட்டேன். நைட் டூட்டி முடிந்து வந்து, பிளாஸ்டிக் டப்பில் சுடுதண்ணீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வழக்கம்போல் ஏதாவது கிண்டலாகச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். "கடைசி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ங்க. டெய்லி பாக்குதேன். அத வீட்டுலயும் எதுக்குப் பாக்கணும்?" என்றாய். அதற்கப்புறம் கொஞ்ச நாள் நீ அணைத்தால் நான் சண்டை போடவில்லை. பிறகு பழையபடி சண்டை போட ஆரம்பித்தேன். சண்டை போடாமல் இருந்தால் உன் வார்டு நம் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனைப் படம் வந்தபோது ஷைனிக்கு நாலு வயது. குழந்தைகள் படம் என்றுதான் போட்டேன். பார்த்தால் உலகமே அழிந்துபோன பிறகு நடக்கிற கதை. மனிதர் ஒருவரும் இல்லை. மழை நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. இடிந்த கட்டடங்கள், பாதியில் உடைந்து நிற்கும் மேம்பாலம், எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறத் தூசி. அதற்குள் ஒரு தாய் யானையும் குட்டியும் தண்ணீர் தேடி நடந்துகொண்டே இருக்கின்றன. பேச்சே கிடையாது. இப்படி ஒரு கதையைக் குழந்தைகளுக்கு எடுக்கச்சொல்லி யார் அழுதார்கள் என்று நான் முணுமுணுத்தேன். ஷைனி கொஞ்சமும் பயப்படவில்லை. அந்த உடைந்த மேம்பாலத்தில் யானைகள் ஏறியதும், "அப்பா, இது நம்ம முனீர்கா பாலம்" என்றாள். அது நவம்பர் மாதம், டெல்லியில் புகைமூட்டக் காலம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் அவள் சொன்னதை மறுக்க முடியாமல்தான் இருந்தது.

பாதிப் படத்தில் உன் மடியிலேயே தூங்கிவிட்டாள். நான் டீ போட எழுந்துபோனேன். கிளாஸோடு திரும்பி வந்தபோது நீ சத்தத்தை நிறுத்திவிட்டு, படத்தை மட்டும் ஓடவிட்டு, அழுதுகொண்டிருந்தாய். ஒரு கை அவள் கண்மேல் இருந்தது. தூங்குகிற பிள்ளையின் கண்ணை யாராவது மூடுவார்களா? "என்னாச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல. ஒரு பேஷன்ட் நெனப்பு" என்றாய். திரையில் குட்டி தனியாக நின்றுகொண்டிருந்தது. நீ முழுசாகப் பார்த்த ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் அவள் எத்தனை முறை அந்தப் படத்தைக் கேட்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட்டு, மத்தியானம் அதுதான். ஒவ்வொரு முறையும் நீ ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருப்பாய். குட்டி சட்டென்று நிற்கும். காதை விரிக்கும். எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம். தாயும் தும்பிக்கையைத் தூக்கும். "தண்ணி கெடச்சிட்டுல்லா. அம்புட்டுதான் படம்" என்று அணைத்துவிடுவாய். ஷைனி கைதட்டுவாள். பிறகு தன் டம்ளரில் தண்ணீர் மொண்டு உன் வாயில் ஊட்டுவாள், தும்பிக்கை மாதிரி கையை வளைத்துக்கொண்டு. பாதி உன் நைட்டியில் கொட்டும். அவளைப் பொறுத்தவரை படமே அவ்வளவுதான். இதற்கு அப்பால் ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

உனக்கு வயிற்றில் கட்டி வந்தது என்று தெரிந்தபிறகும் நீ அதே ரிமோட்டோடுதான் இருந்தாய். ரிப்போர்ட்டை என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவள். எனக்கு விளக்கிச் சொன்னதே நீதான், வேறு யாரோ ஒரு பேஷன்டைப் பற்றிச் சொல்வதுபோல. டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் முடிந்து, ஷைனிக்குக் குளிர்கால விடுமுறை விட்டதும், பாளையங்கோட்டையிலிருந்து உன் தங்கையை வரவழைத்தாய். பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போகச் சொன்னாய். எனக்கு விஷயம் புரிய ஒரு நாள் ஆயிற்று. புரிந்ததும் கத்தினேன்.

"அவ உன்கூட இருக்க வேண்டாமா? அவளுக்கும் உரிமை, ஹக் இருக்குல்ல?"

"அவ கடைசியாப் பாத்தது நான் சிரிக்கதா இருக்கட்டும்ங்க."

"நீயே முடிவு பண்ணிடுவியா?"

"இதுல மட்டும் விடுங்க. சத்தியம் பண்ணுங்க, நான் ஆஸ்பத்திரில கெடக்கும்போது அவளக் கொண்டாந்து காட்ட மாட்டேன்னு."

பண்ணினேன். சாகப்போகிறவளிடம் எப்படி மல்லுக்கு நிற்பது? அன்று நீ எனக்கும் சேர்த்துத்தான் முடிவெடுத்தாய். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. உன்னை நினைத்து அழுகிற நாட்களில்கூட அது கூடவே இருக்கிறது.

அவள் கிளம்பிய காலை, தலையில் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, உதட்டுக்குச் சாயம்கூடப் போட்டுக்கொண்டு, நம் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாய். ஷைனி படியில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியுமே, கட்டுவதற்கும் அவிழ்ப்பதற்கும் அவளுக்கு ஆகிற நேரம். தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்துகொண்டு, அந்த முடிச்சோடு பேசிக்கொண்டே அவிழ்ப்பாள். "லேஸ அவுக்கதுக்கு ஒரு மணி நேரமாட்டி? ஜல்தி வா, தோச ஆறுது" என்று நீ உள்ளேயிருந்து கத்துவாய். அன்று மட்டும் கத்தவில்லை. அவள் கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாய். டாக்ஸி திரும்புகிறவரை சிரித்த முகத்தோடு கையாட்டினாய். திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்கிறேன்.

போன வாரம் காற்று ரொம்ப மோசமென்று பள்ளிகளை மூடிவிட்டார்கள். எங்கள் ஆபீசிலும் பாதிப்பேரை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். எதிர் பிளாக்கே தெரியவில்லை. மலை மந்திர் முருகன் கோயில் மணிச் சத்தம் மட்டும் எங்கேயோ இருந்து வந்துகொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஷைனி டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "அப்பா, ஆனைப் படம் போடுங்க" என்றாள். நீ போனபிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை. பத்து வயசாகிறது, இனிமேல் கேட்கவும் மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். போட்டேன்.

அந்தப் படத்தை நான் முன்பு பார்த்ததும் இப்போது பார்த்ததும் ஒன்றல்ல. முன்பெல்லாம் குட்டியைத்தான் பார்ப்பேன். அது விழும், எழும், பழைய கார் டயரை உருட்டும், எல்லாரும் சிரிப்போம். இந்த முறை என் கண் தாயின் காலைவிட்டு நகரவில்லை. ஆரம்பத்திலிருந்தே அது நொண்டுகிறது. உனக்குத் தெரியுமா அது? குட்டி முன்னால் போகும்போது மட்டும்தான் நொண்டும். குட்டி திரும்பிப் பார்த்தால் நிமிர்ந்து நேராக நடக்கும். கிடைத்த காய்ந்த இலையைத் தான் தின்பதுபோல் வாயருகே கொண்டுபோய், பிறகு குட்டி பக்கம் தள்ளிவிடும். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அந்தத் தாய்க்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை தடவை பார்த்தேன், எப்படி இதைக் கவனிக்காமல் போனேன்? நீ முதல் தடவையே கவனித்திருப்பாய். வியாதியெல்லாம் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே.

குட்டி நின்றது. காதை விரித்தது. தண்ணீர்ச் சத்தம். என் கை பழக்கத்தில் ரிமோட்டைத் தேடியது. அது ஷைனி கையில் இருந்தது. பின்பக்கம் உன் பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அணைச்சிரவா?" என்றேன்.

"வேண்டாம்."

"அம்மா இங்க நிறுத்திருவால்ல..."

"தெரியும்ப்பா. ஸ்கூல்ல எல்லாரும் பாத்துட்டாங்க. எனக்கு மட்டும்தான் தெரியாது. அதுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு நான் பாக்கணும்."

நான் வாங்கியிருக்கலாம். பத்து வயதுப் பெண்ணின் கையிலிருந்து ஒரு ரிமோட்டை வாங்குவதா கஷ்டம். வாங்கவில்லை. அவளை நான் பார்க்கவிடாமல் செய்தது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று வேண்டாம் என்று தோன்றியது.

உனக்குத் தெரிந்த கடைசிதான். குட்டி சத்தம் வந்த பக்கம் ஓடுகிறது. உடைந்த அணைச் சுவரில் ஒரு விரிசல் வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. வயிறு முட்டக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தாய் வரவில்லை. வழியிலேயே படுத்துவிட்டது. குட்டி தும்பிக்கை நிறையத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு ஓடிவருகிறது. வருவதற்குள் பாதி சிந்திவிடுகிறது. மிச்சத்தைத் தாயின் வாயில் ஊற்றுகிறது. மறுபடி ஓடுகிறது, மறுபடி வருகிறது. தாய் ஒரு தடவை விழுங்குகிறது, கண்ணைத் திறந்து குட்டியைப் பார்க்கிறது. அடுத்த தடவை ஊற்றும்போது தண்ணீர் வாயோரமாக வழிந்து மண்ணில் போகிறது. குட்டிக்குப் புரியவில்லை. இன்னும் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு புரிகிறது. அங்கேயே நிற்கிறது. இருக்கிற சருகையெல்லாம் பொறுக்கிவந்து தாயின்மேல் போடுகிறது.

நான் தேம்பிக்கொண்டிருந்தேன். கூச்சமெல்லாம் போய்விட்டது. ஷைனி அழவில்லை. உன் இறுதி ஆராதனையிலும் அவள் அழவில்லை, கல்லறையிலும் அழவில்லை. பெரியவர்கள் எல்லாரும் தைரியமான பிள்ளை என்றார்கள். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அவளே டிவியை அணைத்தாள்.

"அப்பா, குட்டி பக்கத்துலயே இருந்துச்சு."

"ஆமா."

"அத யாரும் பாளையங்கோட்டைக்கு அனுப்பல."

அவள் என்னைப் பார்க்காமல் ரிமோட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள். கோபமாகக்கூட இல்லை, ரொம்ப நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது.

"எல்லாம் முடிஞ்சப்புறம்தான என்னக் கூப்பிட்டீங்க? எனக்குத் தெரியும். சித்தி பிளேன்ல அழுதுகிட்டே வந்தாங்க. மத்லப், அப்படின்னா அப்பவே அம்மா இல்ல. நான் ஃபியூனரலுக்குத்தான் வந்தேன். அம்மாவுக்கு என்னப் பாக்க வேண்டாம், அதான் அனுப்பிட்டாங்க."

இத்தனை நாள் அவள் இதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். உன் சிரித்த முகத்தை நினைவில் வைத்திருப்பாள் என்று நீ கணக்குப் போட்டாய். வைத்துத்தான் இருக்கிறாள். அந்தச் சிரிப்பே, போனால் போ என்று தன்னை அனுப்பிவைத்த சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ தேர்ந்தெடுத்த நல்ல இடத்தில்தான் படத்தை நிறுத்தினாய். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவள் மிச்சக் கதையைத் தானாகவே எழுதிக்கொண்டுவிட்டாள், நீ பயந்ததைவிட மோசமாக.

இதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நீ மனசை மாற்றிக்கொண்டதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால், அம்மா கேட்டும் என்னால் வந்துசேர முடியவில்லையே என்று அவள் காலமெல்லாம் வெந்துபோவாளே என்று பயம். இதுவா அதுவா, எது சின்ன வலி என்று எந்தத் தகப்பனுக்குத் தெரியும்? அன்றைக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது.

"அம்மா உன்னக் கேட்டா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜனவரியில் ஒருநாள் காலை, ஆஸ்பத்திரிப் படுக்கையில், கண்ணைக்கூட முழுசாகத் திறக்காமல், "ஷைனிய வரச் சொல்லுங்க" என்று நீ சொன்னதை. நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்து, "நீதான வேண்டாம்னு சொன்ன?" என்று கேட்டதை. "வேண்டாம்னுதான் சொன்னேன். இப்ப வரச் சொல்லுதேன்" என்று அந்த நிலைமையிலும் என்னிடம் நீ எரிந்துவிழுந்ததை. நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் உன் தங்கைக்குப் போன் செய்ததை. மறுநாள் மதுரையிலிருந்து முதல் விமானத்தில் அவர்கள் கிளம்பியதை. அன்றைக்குப் பார்த்து டெல்லியில் மூடுபனி இறங்கி, எந்த விமானமும் தரையிறங்க முடியாமல், அவர்களைக் கொண்டுபோய் ஜெய்ப்பூரில் இறக்கிவிட்டதை.

"நான் ஜெய்ப்பூர்ல பிரெட் பக்கோடா சாப்பிட்டேன்" என்றாள் ஷைனி. "சித்தி வாங்கிக் குடுத்தாங்க. நான் ரெண்டு சாப்பிட்டேன். அப்பதானா?"

"அப்ப அம்மா உன்னத்தான் கேட்டுக்கிட்டிருந்தா. நீ வந்துகிட்டிருந்தே. வர்றவளுக்குப் பசிக்காதா?"

பிறகு, "தண்ணி கேட்டாங்களா?" என்றாள்.

கேட்டாய். வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பஞ்சை நனைத்து உன் உதட்டில் வைத்தேன். "நல்லாப் பிழிஞ்சிட்டு வைங்க, தொண்டைக்குள்ள போயிரும்" என்று அப்போதும் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தாய். அதைச் சொன்னபோது ஷைனிக்குச் சிரிப்பும் வந்தது. நீ இருந்திருந்தால் அந்தச் சிரிப்பில் அணைத்திருப்பாய். நான் அணைக்கவில்லை, மிச்சத்தையும் சொன்னேன்.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். "வந்துட்டாளா?" "வந்துகிட்டு இருக்கா." கொஞ்சம் கண்ணயர்வாய், மறுபடி விழித்து, "வந்துட்டாளா?" "வந்துகிட்டு இருக்கா." ஜெய்ப்பூரில் டாக்ஸி பிடித்துவிட்டார்கள், ஆனால் ஹைவேயிலும் பனிதான், ஊர்ந்துதான் வரமுடிகிறது என்று உன் தங்கை போனில் அழுதாள். மத்தியானத்துக்கு மேல் உன் மூச்சு மாறியது. டூட்டியில் இருந்தவள் உன் தோழிதான், உன்னோடு பத்து வருஷம் ஒரே வார்டில் நின்ற மலையாளப் பெண். என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். நீ டெய்லி பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கடைசி என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வந்துட்டாளா?" என்று உன் உதடு மட்டும் அசைந்தது.

"வந்துட்டா" என்றேன். "வாசல்ல ஷூ லேஸ அவுத்துக்கிட்டு இருக்கா."

ஐ.சி.யூ. வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும், அது உனக்குப் பழக்கமான விதி. லேஸ் அவிழ்க்க அவளுக்கு எவ்வளவு நேரமாகும் என்பதும் உனக்குத்தான் தெரியும். ஒரு சொட்டுச் சந்தேகம் உனக்கு வரவில்லை. தலையைக் கொஞ்சம் வாசல் பக்கம் திருப்பினாய். "மெதுவா வரட்டும்" என்றாய்.

அவ்வளவுதான்.

வில்லன் கதையைக்கூட முடிவுவரை பார்த்தாக வேண்டும் என்று உன்னோடு ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவன் நான். நல்ல இடமாகப் பார்த்து உனக்கு நான்தான் அணைத்துவிட்டேன். அவள் வந்து நின்றபோது வெளியே இருட்டியிருந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது ஷைனி ரிமோட்டைக் கீழே வைத்தாள். தப்பு செய்துவிட்டேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"லேட்டாகுதுன்னு அம்மா திட்டலியா?"

"இல்லடா. மெதுவா வரட்டும்னா."

"அம்மாவா அப்படிச் சொன்னாங்க?"

"அம்மாதான்."

அப்போதுதான் அழுதாள். நீ போனபிறகு முதல் தடவையாக. என் சட்டையைக் கடித்துக்கொண்டு, சின்னக் குழந்தையாக இருந்தபோது அழுவாளே, அந்த மாதிரி அழுதாள். உன்னை மாதிரியே முகத்தைக் கோணிக்கொண்டு. நானும் அவளைச் சமாதானம் செய்யவில்லை. எப்போது நிற்குமோ அப்போது நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். கீழே யாரோ காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. அழுது ஓய்ந்ததும் எழுந்துபோய் முகம் கழுவினாள். வரும்போது ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். குடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. நீ சத்தியம் வாங்கியது அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரக்கூடாது என்றுதான், சொல்லக்கூடாது என்று அல்ல என்று ஆபீஸ் விதியைப் படிப்பதுபோல் படித்து மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். உன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன். அன்று மத்தியானம் உன் முகத்தைப் பார்த்தவனால் ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஆனால் சாகிறவர்களுக்கு நல்ல இடத்தில் நிறுத்தலாம். இருக்கப்போகிறவர்கள் மிச்சத்தையும் பார்த்துத்தான் ஆகவேண்டும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். உன்னிடம் இதைச் சொல்லியிருந்தால் ரிமோட்டைத் தூக்கி என் மேல் எறிந்திருப்பாய்.

இந்த வாரம் பள்ளியைத் திறந்துவிட்டார்கள். எங்கள் ஆபீசில் இன்னும் முறைவைத்துத்தான் வரச் சொல்கிறார்கள், அதனால் அவள் வரும் நேரத்தில் நான் வீட்டில் இருக்கிறேன். தோசைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மாவு வாங்கி வைத்திருக்கிறேன், உன் கைப்பக்குவம் வராது. ரிமோட்டுக்குப் புதுசாக ஒட்ட உன் பழைய டூட்டிப் பையில் பிளாஸ்திரி தேடினேன். ஒரு சுருள் இருந்தது, கொஞ்சம் மிச்சத்தோடு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். பையை இறக்கிவைக்கும் சத்தம், வாசல் படியில் உட்காரும் சத்தம். இனி லேஸோடு பேச ஆரம்பிப்பாள். பத்து வயதாகியும் அதே நேரம்தான் ஆகிறது. நான் கத்துவதில்லை. "மெதுவா வரட்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடுப்பைக் குறைத்து வைப்பேன்.

பள்ளி திறந்ததிலிருந்து ஒன்று புதிதாகச் செய்கிறாள். ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்ததில் கை வைக்கும்போது, வீட்டுக்குள் பார்த்துச் சத்தமாக "வந்துட்டேன்" என்கிறாள். முன்பு சொல்லமாட்டாள். நான் பதில் சொல்வதில்லை, அது எனக்குச் சொல்வது அல்ல.